இரணம் அளப்பவன் அல்லாஹ்

அல்லாஹுத் தஆலாவின் அழகிய திருநாமங்களில் ‘அர்ரஸ்ஸாக்’ என்பதும் ஒன்று. உணவளிப்பவன் என்பது அதன் பொருள். பூமியில் நடமாடும் எந்த உயிராயினும் அதற்குரிய இரணம் தன் பொறுப்பில் உள்ளது என்று திருக்குர்ஆனின் ‘ஹூத்’ அத்தியாயத்தில் அவன் அறிவித்திருக்கிறான். இந்த ஆயத்தை ஓதாத முஸ்லிம் வீடு இல்லை. ஆயினும் மாதக் கடைசியில் மளிகைக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், மகளின் கலியாணச் செலவு ஆகியவற்றை எண்ணித் தூக்கமின்றிப் புரளாத வீடும் அரிதாகவே இருக்கிறது. நாவில் இருக்கும் நம்பிக்கை கல்பில் இறங்க வேண்டும். அதற்கு வழி என்ன என்பதையே இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

இதற்கு உதாரணமாக நமக்கு அருகிலுள்ள நீலகிரி மலையை எடுத்துக்கொள்வோம். உதகையும் குன்னூரும் கோடைக்குச் சென்று வரும் ஊர்கள் என்றே நம்மில் பலர் அறிவோம். அங்கே குடியிருந்து பிழைக்கும் மக்களுக்கோ அம்மலை ஒரு பெரிய பாடசாலை. பிழைப்பின் வாசல்கள் எப்படித் திறந்து எப்படி மூடுகின்றன என்பதை அந்த மலையின் சரித்திரம் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் மூன்று சொற்கள்

‘ரிஜ்கு’ என்ற அரபுச் சொல்லையே நம் பெரியவர்கள் ‘இரணம்’ என்று வழங்கினார்கள். சோறும் துணியும் மட்டும் இரணம் ஆகா. உடல் நலம், கல்வி, நல்ல மனைவி மக்கள், அமைதியான உறக்கம், அமல் செய்யக் கிடைக்கும் நேரம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

‘தவக்குல்’ என்பது காரியத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்து அவனையே சார்ந்திருப்பது. ‘கனாஅத்’ என்பது ஹலாலான வழியில் முயன்றபின் கிடைத்ததைக் கொண்டு மனம் நிறைவது. தவக்குல் நாளையைப் பற்றிய பயத்தைப் போக்கும்; கனாஅத் இன்றைய பங்கைப் பற்றிய முறையீட்டைப் போக்கும். இவ்விரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஏழையின் குடிசையிலும் நிம்மதி குடியிருக்கும். இவ்விரண்டும் இல்லாவிட்டால் மாளிகையிலும் அது தங்காது. செல்வம் என்பது பொருள்களின் பெருக்கத்தில் இல்லை, மனத்தின் நிறைவில்தான் இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது.

வாசல்கள் மாறும், வழங்குபவன் மாறான்

நீலகிரி மலைவாசிகள் ஆதியில் ராகியும் சாமையும் விதைத்து உண்டார்கள், கால்நடை மேய்த்தார்கள், தேனெடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலையேறி வந்தபின் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காப்பிச் செடியை நோய் தாக்கியது. 1860-களில் தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் சின்கோனா மரங்கள் நடப்பட்டன. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா அந்த மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் வேறு மருந்துகள் வந்ததும் அதன் மவுசு குறைந்தது. பிறகு உருளைக்கிழங்கு சிறு விவசாயிகளின் கைப்பொருளாயிற்று. அதன் வேரைத் தாக்கும் நூற்புழு உதகைப் பகுதியில் 1961-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கிழங்கு விளைந்த பல நிலங்களில் பின்னர் தேயிலை ஏறியது.

தேயிலைக்கும் அதே கதைதான். சோவியத் ரஷ்யா நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்தது. இனி நமக்குக் குறைவில்லை என்று மலையே எண்ணியது. 1991-ல் சோவியத் ஒன்றியம் சிதறியது. நம்பியிருந்த சந்தை ஆட்டம் கண்டது. 1990-களின் பிற்பகுதியில் கிலோ பத்து ரூபாய்க்கு மேல் விலைபோன பச்சைத் தேயிலை, 2000-ஆம் ஆண்டை ஒட்டி அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. பறிகூலிக்கும் கட்டாத நிலையில் பலர் தோட்டத்தைப் பராமரிக்காமல் விட்டார்கள். மலையை விட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்கியோர் அநேகர்.

காப்பி, சின்கோனா, உருளைக்கிழங்கு, தேயிலை ஆகிய ஒவ்வொன்றையும் அந்தந்தத் தலைமுறையினர், ‘நமக்குச் சோறு போடுவது இதுதான்’ என்று நினைத்தார்கள். அது சரியும்போது தங்கள் வாழ்வே சரிந்ததாக எண்ணிக் கலங்கினார்கள். ஆனால் ஒரு வாசல் மூடியபோது வேறொரு வாசல் திறந்ததையும் அதே மலை கண்டது. வாசலையே வழங்குபவனாக எண்ணியவருக்கு வாசல் அடைபட்ட அன்று எல்லாம் முடிந்துபோகும். வழங்குபவன் அப்பால் இருக்கிறான் என்று அறிந்தவரோ துக்கப்படுவார், ஆனால் உடைந்துபோக மாட்டார். அடுத்த வாசலைத் தட்டுவார். அல்லாஹ்வை அஞ்சி நடப்பவருக்கு அவர் எண்ணிப்பாராத புறத்திலிருந்து அவன் உணவளிப்பான் என்றும், அவனைச் சார்ந்தவருக்கு அவனே போதுமானவன் என்றும் ‘தலாக்’ அத்தியாயத்தில் வந்துள்ள வாக்குறுதியை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும்.

தேயிலை மட்டுமல்ல, நாம் நம்பியிருக்கும் துபாய் வேலையும், கடைத்தெருவின் வியாபாரமும், சர்க்கார் உத்தியோகமும் வாசல்களே. அவற்றைக் கையால் பற்றிக்கொள்ளலாம். கல்பைக் கொண்டுபோய் அவற்றில் கட்டிவிடக் கூடாது.

நல்ல விலை நாளில் வரும் சோதனை

கனாஅத் என்றதும் அது ஏழைக்குரிய பாடம் என்று நினைக்கிறோம். உண்மையில் கை நிறையும் நாளில்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

தேயிலைச் செடியின் நுனியில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளினால்தான் நல்ல தேயிலை கிடைக்கும். ஒரு சுற்றுப் பறித்தபின் அடுத்த கொழுந்து பக்குவமாக வருவதற்குச் சில நாட்கள் பொறுக்க வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை செல்லும். ஆகவே எடைக்கு ஆசைப்படும் மனம் பொறுக்காது. விலை உச்சத்தில் இருந்த காலத்தில் முற்றிய இலையையும் தண்டையும் சேர்த்துக் கத்தரியால் வெட்டி மூட்டை கட்டியவர்கள் பலர். எதைக் கொடுத்தாலும் வாங்க ஆளிருந்ததால் தொழிற்சாலைகளும் பெரிதாகக் கேட்கவில்லை. தரம் தேய்ந்தது. பின்னர் வாங்குவோர் குறைந்தபோது, தரம் குறைந்த சரக்கு என்ற பெயரே எஞ்சியது. மலை முழுவதற்கும் அந்தப் பெயர் பாதகமாயிற்று. கவனமாகப் பறித்தவரும் அதற்குரிய விலையை இழந்தார். விலைச் சரிவுக்கு உலகச் சந்தையின் காரணங்கள் பல இருந்தன. ஆனால் தாங்கி நிற்கும் வலுவைப் பேராசை முன்னதாகவே அரித்துவிட்டிருந்தது.

இலை நனைந்திருந்தால் எடை கூடும். அதனால்தான் தொழிற்சாலைகளில் ஈரத்துக்காக எடையில் கழித்துக்கொள்கிறார்கள். மழையில் நனைந்தது இயற்கை. எடைக்காக நனைப்பதும், நனைந்ததை உலர்ந்ததன் அடியில் மறைப்பதும் ஹராம். இதைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே ஒரு சம்பவம் உண்டு. அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இந்த ஹதீஸை வியாபார ஒழுக்கம் என்ற தலைப்பில் படிக்கிறோம். அதன் வேர் கனாஅத்தில் இருக்கிறது. தனக்கு எழுதப்பட்ட இரணம் தன்னை வந்தடையும் என்று உறுதிகொண்டவர் ஈரத்தை ஏன் மறைக்க வேண்டும்? எடைக்கல்லில் ஏன் கை வைக்க வேண்டும்? தேயிலைத் தூளில் சாயம் ஏன் கலக்க வேண்டும்? தன் இரணத்தைப் பூர்த்தியாக அடையாமல் எந்த ஆத்மாவும் மரணிப்பதில்லை. ஆகவே தேடுவதில் அழகிய முறையைக் கைக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் இப்னு மாஜாவில் வரும் ஹதீஸ், பேராசைக்காரருக்கும் அவசரக்காரருக்கும் ஒரே மருந்தாகும். ஹராமில் கை வைப்பதால் இரணம் பெருகுவதில்லை. வரவிருப்பது அசுத்தமாகி வருகிறது, பரக்கத்தும் போய்விடுகிறது.

தவக்குல் என்பது சோம்பல் அன்று

‘அல்லாஹ் தருவான்’ என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோரும் நம்மிடையே உண்டு. அதற்கு மார்க்கத்தில் இடமில்லை. அல்லாஹ்வை முறைப்படி நம்பினால் பறவைகளுக்கு உணவளிப்பதுபோல் நமக்கும் அளிப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அப்பறவைகள் காலையில் வெறும் வயிற்றுடன் புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றுடன் திரும்புகின்றன என்பதையும் சேர்த்தே கூறினார்கள். கூட்டில் இருந்துகொண்டு வாயைத் திறந்த பறவையை அவர்கள் உதாரணம் காட்டவில்லை.

யமன் தேசத்தார் சிலர், தாங்கள் தவக்குல் உடையவர்கள் என்று சொல்லிக்கொண்டு பிறரிடம் கையேந்தியபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்கவில்லை. பூமியில் விதையைப் போட்டுவிட்டுப் பிறகு அல்லாஹ்வைச் சார்ந்திருப்பவரே தவக்குல் உடையவர் என்று விளக்கினார்கள் என அறிவிக்கப்படுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ கிரந்தத்தில் தவக்குலுக்கென ஒரு தனிப் பகுதியே எழுதியுள்ளார்கள். பசித்தவர் முன்னே உணவு இருக்க, கையை நீட்டாமல் இருப்பதைத் தவக்குல் என்று சொல்வது அறியாமை என்பது அவர்கள் தரும் விளக்கம். கையும் அவன் படைப்பு, உணவும் அவன் படைப்பு, வாய்க்குக் கொண்டுபோகும் வழியும் அவன் வகுத்ததே. அந்த வழியில் நடந்துகொண்டே, வழியை நம்பாமல் அவனை நம்புவதுதான் தவக்குல்.

பாலைவனத்தில் பச்சைக் குழந்தையுடன் நின்ற அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். ஜம்ஜம் ஊற்று அவர்கள் ஓடிய இடத்தில் பொங்கவில்லை. குழந்தை கிடந்த இடத்தில் பொங்கியது. ஓடியது வீண் என்று யாராவது சொல்வார்களா? ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் அத்தனை பேரும் அந்த ஓட்டத்தை ஓடும்படி அல்லாஹ் ஆக்கிவிட்டான். முயற்சி நம்முடைய கடமை. தண்ணீர் வரும் இடத்தைத் தீர்மானிப்பது அவன் உரிமை.

விடியற்காலைக் குளிரில் கூடையை முதுகில் மாட்டிச் சரிவுகளில் ஏறும் கொழுந்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள். மழையில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு, அட்டைக்கடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து, கிலோக் கணக்கில் கிள்ளிச் சேர்க்கிறார்கள். தன் கை உழைப்பால் உண்பதைவிடச் சிறந்த உணவை யாரும் உண்டதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்த உணவு இவர்களுடையது. நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கையால் உழைத்து உண்டார்கள் என்பதும் அதே ஹதீஸில் உள்ளது.

சேமித்து வைப்பது தவக்குலுக்கு விரோதமா?

இக்கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். விரோதமில்லை. ஏழு வருடச் செழிப்பின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து, ஏழு வருடப் பஞ்சத்தைச் சமாளிக்க நபி யூசுப் (அலை) அவர்கள் வழிகாட்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பிற்காலத்தில் தம் குடும்பத்துக்கு ஒரு வருட உணவை ஒதுக்கிவைத்த செய்தி புகாரியில் உண்டு.

நீலகிரியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மழைக்குப் பிந்திய மாதங்களில் கொழுந்து கொட்டும். தை மாதத்து உறைபனியில் செடி கருகி வரத்துக் குறையும். உதகையில் கடை வைத்திருப்பவருக்குச் சித்திரை, வைகாசி இரண்டு மாதச் சீசன்தான் வருடத்தின் சோறு. 2020-ல் நோய்த்தொற்று ஊரடங்கினால் மலைப்பாதைகள் மூடப்பட்டன, மலர்க்காட்சியும் நடக்கவில்லை. அந்தக் கோடை, வர்க்கியும் சாக்லேட்டும் தைல எண்ணெயும் விற்றுப் பிழைத்த குடும்பங்களை வருமானமே இல்லாமல் உட்காரவைத்தது. சீசன் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கியிருந்த வீடு மூச்சு விட்டது. ‘அடுத்த சீசனில் அடைத்துவிடலாம்’ என்று வட்டிக்கு வாங்கி வீட்டை ஜோடித்திருந்த வீடு கடனில் மூழ்கியது.

கனாஅத் இங்கே பணமாகவே பயன் தருகிறது. கிடைப்பதில் நிறைவு காண்பவருக்கே மிச்சம் பிடிக்க முடியும். நிறைவு காணாதவருக்கு எவ்வளவு வந்தாலும் வரவு செலவை எட்டாது. கடைசியில் அல்லாஹ்வும் ரசூலும் போர்ப் பிரகடனம் செய்துள்ள வட்டியின் வாசலில் போய் நிற்க வேண்டியதாகும்.

பிறர் பங்கில் கனாஅத் பேசாதீர்கள்

இதை முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போதுமென்ற மனம் நம் பங்கைப் பற்றி நாம் கொள்ள வேண்டியது. நம்மிடம் கூலிக்கு வருபவரிடம் அதை உபதேசிக்கும் உரிமை நமக்கில்லை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்பதே நமக்கிடப்பட்ட கட்டளை. கூலியைக் குறைத்துவிட்டு, ‘கிடைத்ததைக் கொண்டு பொருந்திக்கொள்’ என்று சொல்பவர் தன் அநீதிக்கு மார்க்கத்தைத் திரையாக்குகிறார். உரிய கூலியை ஹலாலான முறையில் கேட்டு வாங்குவது கனாஅத்துக்கு மாறானதும் அல்ல.

1964-ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. ‘டான்டீ’ என்று நாம் அறியும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே. கடலுக்கு அந்தப் பக்கம் கொழுந்து கிள்ளிய கைகளுக்கு இந்தப் பக்கமும் கொழுந்திலேயே இரணம் வைக்கப்பட்டிருந்தது. அதே தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க 2022-ல் முடிவானபோது அக்குடும்பங்கள் மறுபடியும் கலங்கின. இத்தகையோரிடம் ‘தவக்குல் வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது நமக்குப் போதாது. அல்லாஹ் பலருக்குரிய இரணத்தைச் சிலருடைய கையில் வைத்து அனுப்புகிறான். ஜகாத்தும் ஸதகாவும் அதற்குத்தான். தபால்காரர் தம்மிடம் வந்த மணியார்டரைத் தமக்கென வைத்துக்கொள்ளலாமா?

வீட்டில் செய்ய வேண்டியவை

இந்தப் பாடம் ஏட்டோடு நின்றுவிடாமல் அமலாக வேண்டும். எல்லா வீட்டாரும் செய்யக்கூடியவை இவை:

1. பஜ்ரு தொழுகைக்குப் பின் பயனுள்ள கல்வியையும், தூய இரணத்தையும், ஏற்கப்படும் அமலையும் அல்லாஹ்விடம் கேளுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலையில் கேட்டது இந்த மூன்றையுமே. ‘அதிகமான’ இரணம் என்று கேட்காமல் ‘தூய’ இரணம் என்று கேட்டதைக் கவனியுங்கள்.

2. உலக விஷயத்தில் நமக்குக் கீழே இருப்பவரைப் பாருங்கள். மார்க்க விஷயத்தில் மேலே இருப்பவரைப் பாருங்கள். அடுத்த வீட்டாரின் புது வாகனத்தையும், கைபேசியில் வந்துசேரும் உறவினர் வீட்டு விருந்துப் படங்களையும் பார்த்துவிட்டு நம் வீட்டு ரசத்தைக் குறை சொல்லாதீர்கள்.

3. பிள்ளைகள் காதுபட, ‘இந்த வீட்டில் என்ன இருக்கிறது’ என்று தாய்மார்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வேளை உணவுக்குப் பின் ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் வீட்டில் வளரும் பிள்ளை, பெரியவனாகி வெறுங்கையாக நிற்கும் நாளிலும் கலங்காது.

4. வருமானம் மிகும் மாதத்தில் மூன்று பங்கு வையுங்கள்: செலவுக்கு ஒன்று, குறையும் மாதத்துக்கு ஒன்று, சிறிதேயானாலும் எளியவருக்கு ஒன்று. வட்டிக் கடன் எந்தப் பெயரில் வந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

5. இரவில் படுக்குமுன், இன்று வந்த இரணத்தில் ஹராம் கலந்ததா, பிறர் உரிமை ஏதும் தங்கிவிட்டதா என்று கணவனும் மனைவியும் கணக்குப் பாருங்கள். தங்கியிருந்தால் விடிந்ததும் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் அச்சமின்றி, உடலில் சுகத்துடன், அன்றைய உணவும் கைவசமிருக்கக் காலையில் கண்விழிப்பவருக்கு உலகம் முழுவதும் ஒன்றுதிரட்டிக் கொடுக்கப்பட்டதைப் போன்றதாகும் என்று திர்மிதியில் ஒரு ஹதீஸ் உண்டு. அன்றைய ஒரு நாளின் உணவைத்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் குறிப்பிட்டார்கள். நாளைய நாளைப் படைக்கும் அல்லாஹ், அதற்குரிய இரணத்தை அதனுடனேயே அனுப்புவான். அதைத் தேடிப் புறப்பட வேண்டியது மட்டுமே நம் வேலை.

யா அல்லாஹ்! ஹலாலான, தூய, பரக்கத்தான இரணத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! தந்ததைக் கொண்டு எங்கள் மனங்களை நிறையச் செய்வாயாக! எங்கள் கையில் நீ ஒப்படைத்த பிறர் இரணத்தை உரியவரிடம் சேர்க்கும் தவ்பீக்கை அருள்வாயாக! உன்னைத் தவிர வேறெவரிடமும் எங்கள் கல்புகள் கையேந்தாமல் காத்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.